உப்பளத்தில் ஒரு நீலக்கோடு

அத்தியாயம் 4

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது சார்" என்றான் பார்த்திபன்.

"எங்க மாமியார்கூட அவங்க பையனைப் பத்தி அப்படித்தான் சொன்னாங்க" என்றேன். "நம்பிக் கட்டிக்கினேன். இப்ப விழுப்புரத்துல தனியா ரூம் எடுத்துக்கினு இருக்கேன்."

பார்த்திபன் முறைத்தான். என் முதலாளி தீனதயாளன் சிரிக்கவில்லை. என் ஜோக்குக்கு அவர் சிரிப்பதென்றால் சம்பளம் குறைத்துக்கொண்டுதான் சிரிப்பார்.

திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுவைத்த பழைய கிடங்கு ஒன்றில் நின்றுகொண்டிருந்தோம். தானே புயல் கரையோரத்தைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போன பிறகு, பசிநீக்கி அறக்கட்டளை என்று ஒன்று சென்னையிலிருந்து வந்து அந்தக் கிடங்கை எடுத்திருந்தது. அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். எந்த லாரி எந்த ஊருக்கு எந்த வழியாகப் போக வேண்டும் என்பதைப் பார்த்திபன் எழுதிய சாப்ட்வேர் முடிவு செய்யும். குறைந்த டீசலில், குறைந்த நேரத்தில், நிறைய வயிறு. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஒவ்வொரு லாரியிலும் ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. லாரி இப்போது எங்கே இருக்கிறது என்பதை அது கம்ப்யூட்டருக்குச் சொல்லும். டிரைவர் போக வேண்டிய வழியை அதன் திரையில் நீலக்கோடாகக் காட்டும். கோட்டை விட்டு விலகினால் வேலை போய்விடும். அப்படி ஒரு சட்டம்.

அந்தக் கோட்டை விட்டு விலகாமல் போனவன்தான் மண்ணாங்கட்டி. கெடார் ஊர்க்காரன், டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவன். அவனுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்காமல் போனதால், எமனுக்கு வேண்டாத பொருளாக இருக்கட்டும் என்று பெற்றவர்கள் வைத்த பெயர். எமன் ஏமாறவில்லை, கொஞ்சம் லேட்டாக வந்தான், அவ்வளவுதான். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலையில் ஒன்பதாம் நம்பர் லாரியோடு மரக்காணம் உப்பளக் கால்வாயில் குப்புற விழுந்து செத்தான். குடித்துவிட்டு ஓட்டினான் என்று எழுதிப் போலீஸ் கையைக் கழுவிக்கொண்டது.

காரியம் முடிந்த மறுநாள் அவன் மனைவி ருக்கு விழுப்புரத்தில் எங்கள் துப்பறியும் ஆபீஸ் படி ஏறி வந்தாள். இதே கிடங்கில் மூட்டை கட்டும் வேலை பார்ப்பவள். அழுது முடித்த முகம்.

"மாட்டுப் பொங்கலுக்கு ரெண்டு பேருமா கெடார் போயி மாட்டுக்குப் பொட்டு வெச்சி, கொம்புக்கு பெயிண்ட் அடிச்சிட்டு வந்தோங்க. அன்னிக்கிக்கூட ஒரு சொட்டு தொடல சார் அவரு. இன்ஸ்பெக்டரு இன்னா சொல்றாரு தெரியுங்களா? புள்ளகுட்டி இல்லல்ல, வேற எவனையாவது பாத்துக்கோன்றாரு." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணுதான் சார் தெரியணும். லாரி போவ முடியாத அந்த வழிய அவருக்குக் காட்டினது யாரு? அவன் யாரா இருந்தாலும் வுடமாட்டேன்."

அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் பார்த்திபன் முன்னால் நின்றோம்.

"அந்த வழிய நான் போடல சார்" என்றான் அவன். "சிஸ்டமே கத்துக்கிச்சு."

"யார்கிட்ட கத்துக்கிச்சு?" என்றார் தீனதயாளன்.

பார்த்திபன் திரையில் வரைபடத்தை விரித்தான். மரக்காணத்தைச் சுற்றிக்கொண்டு போகும் தார்ச்சாலை ஒரு பெரிய வளையம். அந்த வளையத்துக்கு நடுவே, உப்பளங்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு நீலக்கோடு. அது போய் முட்டும் இடம் கழிமேடு. உப்பளக் கூலிகள் இருக்கும் காலனி.

"நாலாம் நம்பர் வண்டி தினமும் கழிமேட்டுக்கு இந்தக் குறுக்கு வழியாதான் போயிட்டு வந்திருக்கு. மேப்ல அங்க ரோடு கிடையாது. ஆனா வண்டி போகுதுன்னா ரோடு இருக்குன்னுதானே அர்த்தம்? சிஸ்டம் அதை ரோடுன்னு எடுத்துக்கிச்சு. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் நாலாம் நம்பரை மயிலம் பக்கம் மாத்திட்டு, கழிமேட்டை ஒன்பதுக்குக் குடுத்துச்சு. நல்ல டீசல் மிச்சம் சார்."

"ஆள்தான் மிச்சம் இல்ல" என்றேன்.

நாலாம் நம்பர் டிரைவர் கண்ணையனின் போட்டோ சுவரில் தொங்கியது. சிறந்த ஓட்டுநர் என்று கீழே எழுதி, ஒரு பிளாஸ்டிக் மாலை வேறு. பக்கத்தில் கிடங்குப் பொறுப்பாளர் அரசப்பன், வெள்ளைச் சட்டையும் இடுப்பில் சாவிக்கொத்துமாக நின்றிருந்தார்.

"கண்ணையன் தங்கமான பையன் சார். ஒரு கம்ப்ளைண்ட் கெடையாது" என்றார்.

"இப்ப கழிமேட்டுக்கு எந்த வண்டி போகுது?" என்று கேட்டார் தீனதயாளன்.

"எதுவும் போகல சார்" என்றான் பார்த்திபன். "ரிஸ்க்கான பாயிண்ட்னு அதை லிஸ்ட்லேருந்து எடுத்துட்டோம். எடுத்த பிறகு மத்த ஊருக்கெல்லாம் சராசரி நேரம் எவ்வளவு குறைஞ்சிருக்கு பாருங்க."

ஒரு பச்சை வரைகோட்டைக் காட்டினான். நிஜமாகவே சந்தோஷமாகக் காட்டினான். ஒரு ஊரைப் பட்டினி போட்டால் கணக்கு அழகாகிவிடுகிறது. அவன் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் என்று எனக்குக் கை அரித்தது. தீனதயாளன் என் தோளைத் தட்டி வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

*

அவருடைய ஸ்கூட்டர் பின் சீட்டில் ஸ்பிரிங் துருத்திக்கொண்டிருக்கும். மரக்காணம் போய்ச் சேர்வதற்குள் எனக்கு ஜாதகமே மாறிப்போயிருந்தது.

உப்பளத்துக்குள் நுழையும் இடத்தில் கரை அகலமாகத்தான் இருந்தது. உப்பு ஏற்றும் லாரிகள் அதுவரைக்கும் வரும், டயர் தடம் தெரிந்தது. மண்ணாங்கட்டி நம்பி உள்ளே விட்டிருப்பான். உள்ளே போகப் போகக் கரை இளைத்துக்கொண்டே வந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர். லாரியைத் திருப்ப இடமில்லை, பின்னால் எடுக்கவும் தைரியம் வராது. எதிரே கழிமேட்டுக் குடிசைகள் கைக்கெட்டும் தூரத்தில் தெரிகின்றன. கோட்டை விட்டால் வேலை போய்விடும்.

தீனதயாளன் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கரையின் குறுக்கே விரித்தார். இரண்டு ஓரமும் தண்ணீரில் நனைந்தன.

"துண்டுக்கே இடம் பத்தல" என்றார். "இதுல லாரி தினம் போய்ட்டு வந்துச்சாம்."

"பறந்து போயிருக்கும் சார். சிறந்த ஓட்டுநராச்சே."

கழிமேட்டில் கூரை இருந்த வீடு ஒன்றுகூட இல்லை. தார்ப்பாய்க்கு அடியில் ஒரு பெண் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். பெயர் பூமாலை, உப்பு வாருகிறவள். உப்பளம் முழுகிப்போனதால் வேலை இல்லை. சட்டியில் உமரிக்கீரை வெந்துகொண்டிருந்தது. உவர்மண்ணில் தானாக முளைப்பது, வேறு எதுவும் இல்லாதபோது தின்பது.

"தினமும் அரிசி லாரி வந்துதாமே?" என்றார் தீனதயாளன்.

பூமாலை நிமிர்ந்து பார்த்தாள். "லாரியா? நாங்க கண்ணால பாத்த மொத லாரியே அதோ அந்தக் கால்வாயில வுழுந்ததுதாங்க."

"விழுந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான். சத்தம் கேட்டு ஊரே ஓடிச்சு. மூட்டை மூட்டையா அரிசி தண்ணியில கெடக்குது. எல்லாரும் குதிச்சோம்."

"டிரைவர்?" என்றேன் நான்.

அவள் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாள்.

"உள்ள இருந்தாரு. கதவு தொறக்கல போலக்குது. கண்ணாடியத் தட்டிக்கினே இருந்தாரு. கேட்டுச்சுங்க, கேக்கலன்னு சொன்னா நாக்கு அழுகிடும். ஆனா மொதல்ல அரிசியத்தான் தூக்கினோம். தண்ணியில ஊறினா வீணாப் பூடும்ல. எம் மவ புள்ள பெத்துக் கெடக்கா, மாருல சொட்டுப் பால் இல்ல. இருக்கிற நாலு ஆம்பளைங்களும் மூட்டைதான் தூக்கினாங்க. அதுக்கப்புறம் ஆளத் தூக்கலாம்னு திரும்பினோம்." அவள் கீரையைக் கிளறினாள். "தட்டறது நின்னுபோச்சு."

எனக்கு அங்கிருந்து ஓடிவிட வேண்டும்போல் இருந்தது.

"இந்தக் கரை மேல வண்டி எதுவும் போகாதா?" தீனதயாளன் குரலை மாற்றாமல் கேட்டார்.

"ஏன் போவாம? டிவிஎஸ் எத்தினியோ போவுது, வருது. மீன்காரங்க, உப்பள வாட்சுமேனு, பொம்பளைங்க, ஆம்பளைங்க. மூஞ்சியப் பாத்துக்கினு யாரு நிக்கிறது?"

திரும்பி நடக்கும்போது தீனதயாளன் சொன்னார். "லாரி வரல. பெட்டி மட்டும் வந்திருக்கு. லாரி அரிசிய வேற எங்கயோ வித்துட்டு நிக்கும்போது, பெட்டியை யாரோ டூவீலர்ல இங்க கொண்டாந்து காட்டிட்டுப் போயிருக்காங்க. கம்ப்யூட்டரைப் பொறுத்த வரைக்கும் கழிமேடு வயிறு நிறைய சாப்பிட்டது."

"அந்த டூவீலர் போன தடத்தைத்தான் கம்ப்யூட்டர் லாரிக்கு ரோடுன்னு கத்துக்கிச்சா?"

"ஆமா. அரசப்பன் திருடன்தான், அதுல சந்தேகம் இல்ல. அந்த இடுப்புச் சாவி இல்லாம ஒரு மூட்டை வெளிய போகாது. ஆனா ருக்கு கேட்டது திருடனை இல்ல. வழி காட்டினவங்களை."

*

மறுநாள் கிடங்கில் மறுபடியும் பார்த்திபனின் திரை. இந்தத் தடவை ருக்குவும் வந்திருந்தாள். அரசப்பன் கதவோரம். மூட்டை கட்டும் பெண்கள் கை வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தச் சிவப்புப் புள்ளியெல்லாம் என்ன?" என்றார் தீனதயாளன்.

"வேஸ்ட் ஸ்டாப் சார். டிரைவருங்க காரணமே இல்லாம வண்டிய நிறுத்தற இடம். பிரம்மதேசம் தாண்டி ஒரு சின்னப் பாலம் இருக்கு. அந்தப் பக்கம் போற எல்லா வண்டியும் அங்க நிக்குது. என்ன சொல்லியும் திருந்த மாட்டேங்கறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது பாலத்து முனீஸ்வரன் கோயிலுங்க. அங்க கற்பூரம் காட்டாம எந்த லாரிக்காரன் தாண்டுவான்? தாண்டினா அடுத்த மைல்ல டயர் வெடிக்கும்னு அவனுக்கு அவங்கப்பன் சொல்லியிருப்பான். உங்க சாப்ட்வேருக்கு முனியனைத் தெரியல, பாவம்."

"நாலாம் நம்பர் பெட்டி அங்க நின்னுதா?" என்றார் தீனதயாளன்.

பார்த்திபன் தட்டிப் பார்த்தான். "நிக்கல சார். அதனாலதான் அவருக்கு பரிசு."

"வேற எங்கயாவது?"

"ஒரே ஒரு இடத்துல. தினமும் கொஞ்ச நேரம். ரோடு பிரியற இடத்துக்கு முன்னாடி. மேப்ல அங்க ஒண்ணும் இல்ல."

"மேப்ல இல்ல. நேத்து நான் பார்த்தேன். அங்க ஒரு மாதா கெபி இருக்கு, குகை மாதிரி கட்டின சின்னக் கோயில்." தீனதயாளனின் கண் மின்னியது. தன் புத்தியைத் தானே ரசிக்கும்போது அவருக்கு அப்படி மின்னும். "பெட்டி லாரியில போகல, டூவீலர்ல போச்சு. கொண்டு போனவங்க முனியனைக் கண்டுக்கல. மாதாவைப் பார்த்து நின்னு கும்பிட்டாங்க. அவங்க ஓட்டின தடத்துலதான் ஒன்பதாம் நம்பரைக் கம்ப்யூட்டர் அனுப்பிச்சு. இங்க வேலை செய்யறவங்கள்ல வேதக்காரங்க, கிறிஸ்டியனுங்க, யாரு?"

இப்படி எல்லார் முன்னாலும் கேட்டிருக்கக்கூடாது. வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

"சவுரியம்மா!" என்று கத்தினார் அரசப்பன். "அவதான் சார்! அவ வூட்டுல டிவிஎஸ் இருக்குது!"

ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி சாக்குகளுக்கு நடுவிலிருந்து எழுந்தாள். என்ன ஏதென்று அவள் கேட்பதற்குள் அரசப்பன் கொண்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். சாவிக்கொத்தாலேயே வாயில் ஒன்று போட்டார். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். அதற்குள் ருக்கு பாய்ந்தாள்.

"எம் புருஷனக் கொன்னவளே! உன்னாலதான்டி! உன்னாலதான்!"

மாறி மாறி அறைந்தாள். பெண்கள் விலக்கினார்கள், விலக்குகிற சாக்கில் சிலர் ஒரு குத்தும் வைத்தார்கள். சவுரியம்மாள் அடியைத் தடுக்க வலது கையைத் தூக்கினாள். எப்போதோ ஒடிந்து கோணலாகக் கூடிப்போன மணிக்கட்டு. விரல்கள் மடங்கவே இல்லை.

"இந்தக் கையாலயாங்க நான் வண்டி ஓட்டுவேன்?" என்றாள். "ஆக்சிலேட்டரத் திருக முடியுமாங்க? எங்க வூட்டுக்காரரு இட்டாந்து வுடுவாரு, சாய்ங்காலம் இட்டுக்கினு போவாரு. அவ்ளோதாங்க."

அடித்த கைகள் இறங்கின. தீனதயாளனின் முகம் செத்துப்போயிருந்தது. அவர் கண்ணெதிரே நின்ற கையை அவர் பார்க்கவில்லை. அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"மன்னிச்சிடுங்கம்மா" என்றார்.

"பட்ட அடி பட்டதுதானே சார்" என்றாள் சவுரியம்மாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் பார்த்திபன் பக்கம் திரும்பினார். "விபத்துக்கு முன்னாடி, நாலாம் நம்பர் பெட்டி கழிமேட்டுக்குப் போகாத நாள் ஏதாவது உண்டா?"

"ஒரே நாள் சார். மாட்டுப் பொங்கல் அன்னைக்கு. வண்டி ரிப்பேர்னு அரசப்பன் சார் சொன்னாரு."

"அன்னைக்கு நீங்க வேலைக்கு வந்தீங்களாம்மா?" என்று சவுரியம்மாளைக் கேட்டார்.

"வந்தேங்க. பண்டிகைக்கும் பசிக்கும்னு சொல்லித்தானே கிடங்கத் தொறந்து வெச்சாங்க. எங்களுக்கு ஏது மாடு?"

தீனதயாளன் தலையை ஆட்டினார். அதற்கு மேல் அவளை ஒன்றும் கேட்கவில்லை. ருக்குவிடம் போய், "உங்க வீட்டுக்காரர் இறந்த இடத்தை இன்னும் பார்க்கலையேம்மா. வாங்க, காட்டறேன். ஒரு விளக்கு ஏத்திட்டு வரலாம்" என்றார்.

"எனக்கு அந்தப் பக்கம் வழியே தெரியாதுங்க. போனதே இல்ல" என்றாள் ருக்கு.

"பரவால்ல. உங்க டிவிஎஸ்ஸை எடுங்க. ஷாலினி உங்க பின்னால உட்காருவா. நான் கூடவே வர்றேன்" என்று என்னைக் கைகாட்டினார்.

"அரசப்பன் சார்?" என்றேன் அவர் காதருகே.

"அவன் எங்கயும் ஓடமாட்டான். இன்னும் இருநூறு மூட்டை உள்ள இருக்கு."

*

ருக்கு நன்றாக ஓட்டினாள். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. மரக்காணம் சாலையில் தீனதயாளன் முன்னால் போவார் என்று நினைத்தேன். அவர் வேண்டுமென்றே பின்தங்கி வந்துகொண்டிருந்தார்.

முனீஸ்வரன் பாலம் வந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சாலை இரண்டாகப் பிரிந்தது, கைகாட்டி எதுவும் கிடையாது. புயலில் விழுந்ததை யாரும் எடுத்து நிறுத்தவில்லை. வழி தெரியாதவள் அங்கே நின்று கேட்டிருக்க வேண்டும். ருக்கு அதற்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்தாள், ஆனால் வழி கேட்பதற்காக இல்லை. இடது பக்கம் வேப்பமரத்தடியில் நீலப் புடவை மாதா நின்றிருந்தாள். வண்டி தானாக ஓரம் கட்டியது. ருக்குவின் கால் தரையில் ஊன்றியது. வலது கை ஹேண்டிலை விட்டு நெஞ்சுக்குப் போனது.

பாதியில் கை நின்றது. அவளுக்கு உறைத்துவிட்டது.

நான் இறங்கினேன். வேப்பங்கிளைகளில் சின்னச் சின்னத் தொட்டில்கள் ஆடின. மஞ்சள் கயிற்றில் கட்டியவை. கெபிச் சுவரில் குங்குமம் அப்பியிருந்தது. வேதக்காரர்கள் குங்குமம் அப்பமாட்டார்கள். பிள்ளை வரம் கேட்டு வருகிற மற்றவர்கள்தான் அப்புவார்கள். சாமிக்கு ஜாதி கேட்டுக்கொண்டு இருக்க அவர்களுக்கு நேரமில்லை. நேற்றே ஸ்கூட்டரை நிறுத்தி நாங்கள் உள்ளே பார்த்திருந்தால், சவுரியம்மாளின் உதடு பிழைத்திருக்கும்.

ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுத் தீனதயாளன் நிதானமாக வந்தார்.

"மாட்டுப் பொங்கலுக்கு நீங்க கெடார்ல இருந்தீங்க" என்றார். "பெட்டி அன்னைக்கு ஒரு நாள்தான் ஓடல."

ருக்கு வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு மாதாவுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"அரசப்பன்தான் சார் குடுத்தாரு. இந்தப் பெட்டியக் கொண்டுபோயி கழிமேட்டு ஓரம் அரமணி நேரம் வெச்சிட்டு ஜல்தியா வந்துருன்னாரு. பெட்ரோல் போட்டாரு. ரெண்டு படி அரிசி தருவாரு. வழியில மாதாவப் பாத்துக் கேட்டுக்கலாம், ஏழு வருசமா புள்ள இல்லன்னு நானும் எடுத்துக்கினு போனேன்."

"உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா வெட்டிப் போட்டுருப்பாரு. சத்தியவந்தன் சார் அவரு." அவள் குரல் உடைந்தது. "பெட்டி வழி சொல்லிக் குடுக்குதுன்னு யாருக்குங்க தெரியும்? அவருக்கு கெடார், செஞ்சி பக்கம்தான் டூட்டி. கடக்கரைப் பக்கம் அனுப்புவாங்கன்னு நான் கண்டனா?"

"கழிமேட்டுக்கு அரிசி போகலன்னு தெரியும்ல?" என்றேன்.

"தெரியும்" என்றாள். "யாரோ எவரோ. கவர்மெண்டு குடுக்கும்னு நெனச்சேன்."

"யக்கா, நேத்து வரைக்கும் உங்களுக்குத் தெரியாது, ஒத்துக்கறேன். இன்னைக்குக் கிடங்குல சார் சொன்னாரே, பெட்டி ஓட்டின தடத்துலதான் லாரி போச்சுன்னு? அப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிபோச்சு. தெரிஞ்சேதான் அந்தம்மாவ அடிச்சீங்க."

அவள் கீழே பார்த்தாள். அவள் வளையல் இல்லாத கையில் சவுரியம்மாளின் ரத்தம் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது.

"என்னப் போலீஸ்ல குடுத்துருங்க சார்" என்றாள்.

"அரசப்பனும் கண்ணையனும் சாயங்காலம் ஸ்டேஷன்ல இருப்பாங்க. பெட்டிய எடுத்துக்கினு போனதுக்கு உங்க பேரும் அதுல வரும். திருட்டுக்குத் துணைபோனதுன்னு ஏதோ கொஞ்ச நாள்" என்றார் தீனதயாளன். "ஆனா வழி காட்டினதுக்குன்னு எந்தச் சட்டத்துலயும் தண்டனை இல்லம்மா. யாரு காட்டினதுன்னு கேட்டீங்க. கண்டுபிடிச்சுட்டேன். என் வேலை முடிஞ்சது."

சில சமயம் என் முதலாளியை எனக்குப் பிடிக்காது. அது அப்படி ஒரு சமயம். ஆனால் என்னையே எனக்குப் பிடிக்காமல் போனது அடுத்த நிமிஷத்தில்தான்.

ருக்கு என் கையைப் பிடித்தாள்.

"நீ அங்க போயி வெசாரிச்ச இல்ல பாப்பா? ஒண்ணே ஒண்ணு சொல்லு. அவரு வுழுந்தவுடனே பூட்டாரா? கஷ்டப்படலல்ல?"

தீனதயாளன் என்னைப் பார்த்தார். சொல்லாதே என்று அவர் கண் கெஞ்சியது. அவர் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை. ஒரு வார்த்தை போதும், உடனே போயிட்டாருக்கா என்று. வழியில் போகிற பிச்சைக்காரனுக்குக்கூட அந்தப் பொய்யைப் போடலாம். ஆனால் எனக்குச் சவுரியம்மாளின் கிழிந்த உதடுதான் கண்ணில் நின்றது. அந்த ஆத்திரத்தில் சொன்னேன். இரக்கம் என்பது எனக்கு அப்போது மருந்துக்கும் இல்லை.

"இல்லக்கா. உடனே போகல. ரொம்ப நேரம் கண்ணாடியத் தட்டிக்கினே இருந்தாரு. கழிமேட்டு ஜனங்க பக்கத்துலதான் இருந்தாங்க. அவங்களுக்குக் கேட்டுச்சு. மொதல்ல அரிசி மூட்டையத் தூக்கினாங்க."

ருக்குவின் முகம் சிவந்தது. பிடித்திருந்த என் கையை உதறினாள்.

"பாவிங்களா! ஒரு உசுரு தட்டிக்கினு கெடக்குது, அரிசிய வாரினாங்களா? மனுசங்களா அவங்க? சோத்தையே பாக்காத மாதிரி ஏன்..."

அந்தக் கேள்வியை அவள் முடிக்கவில்லை. வாய் திறந்தபடியே நின்றது, கண் மட்டும் கால்வாய் இருந்த திசைக்குப் போனது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். தீனதயாளன் போய் அவளுடைய டிவிஎஸ்ஸின் சாவியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார். அவள் தடுக்கவில்லை.